சுவருக்குள் போகாத குழாய்

செவ்வாய்க்கிழமை. மழை விட்டபாடில்லை.

கல்லூரியில் என்னிடம் சிவில் இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகளைக் கலகெதரப் பக்கம் சரிந்த மண்தாங்கு சுவரைப் பார்க்கக் கூட்டிப்போனேன். கீழே இருந்த வீட்டின் குசினி அடுப்போடு மண்ணுக்குள் கிடக்கிறது. ஆட்கள் தப்பியது பெரிய காரியம். மிச்சமாக நின்ற சுவரில் தண்ணீர் வடிய வைத்த குழாய்க்குள் கம்பியை விடச் சொன்னேன். ஒரு சாண் போனதும் முட்டியது. அடுத்ததும் அப்படித்தான். எல்லாம் பார்வைக்குச் செருகிய துண்டுக் குழாய்கள்; பின்னால் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை.

எனக்கு முன்பே தெரியும். அதைக் கட்டும்போது நான் அங்கே பயிற்சியில் இருந்தேன். குழாய் ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்டதற்கு, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என்னைப் பார்த்து இஞ்சினியர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"கொழுந்து பறிக்கிற கைக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்?"

இப்போது திருத்த வேலைக்கும் அவர்தான் பொறுப்பு. விடமாட்டேன். பரீட்சையில் முதல் கேள்வி அந்தச் சுவர். வருஷா வருஷம் கேட்பேன். இங்கே படித்து வீதி வேலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அவர் கட்டிய சுவர் ஒன்றுவிடாமல் கம்பியை விட்டுப் பார்க்கட்டும்.

திரும்பும்போது வேனில் பிள்ளைகளில் ஒருத்தி, சரோஜா, கேட்டாள்.

"மிஸ், அந்தச் சுவர் கட்டினப்ப ட்ரெய்னிங்குக்கு யாரும் இருக்கலியா? டயரியில எழுதியிருப்பாங்கதானே?"

வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போதுதான் அலுமாரியிலிருந்து என் பயிற்சி டயரியை எடுத்தேன். "வடிகுழாய்கள் சரியாகப் பொருத்தப்பட்டன." என் கையெழுத்து; தெரிந்தே எழுதியது. கீழே இஞ்சினியரின் ஒப்பம்.

இந்தப் பக்கத்தையே கேள்வித்தாளில் போடுவேன். அவர் பெயர் தெரியணும். என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு அச்சடிக்க முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும்.