ஐம்பத்து மூன்று பாகை

அன்புள்ள இடாகாவுக்கு,

மவுரி, வணக்கம். உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் உடம்பு நலமாக இருக்கட்டும்.

இன்று விடிந்ததும் நான் முதலில் செய்தது, கால்குலேட்டரை எடுத்து அதே இரண்டு எண்களை மறுபடி போட்டுப் பார்த்ததுதான். நான்கு நாளாக இதே வேலை. விடை மாறவில்லை: ஐம்பத்து மூன்று.

பிள்ளைகள் நலம். மழை இல்லை, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. உங்கள் தம்பி மோட்டே கடலில் காணாமற்போய் மூன்று மாதமாகிவிட்டது. அவன் மனைவி கடரீனா இன்னும் அவன் படுத்த பாயைச் சுருட்டவில்லை.

படகுக்காரர் கபுட்டாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேடப் போன படகை அந்தியிலேயே திருப்பிவிட்டவர் என்ற பேர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவர் பிடித்த மீனை யாரும் தொடுவதில்லை. கடரீனா வீட்டுத் தூணில் தினமும் இரண்டு மீன் கட்டிவிட்டுப் போகிறார். அவள் அவிழ்த்துப் பன்றிக்குப் போடுகிறாள். மனியபா மண்டபத்தில் ஊர் கூடினால், தன் குடும்பத்துக்கு உரிய இடத்தை விட்டுவிட்டுக் கூரையின் தண்ணீர் சொட்டும் ஓரத்தில் குந்துகிறார். நம் ஊரில் அது அவமானத்தைத் தானே ஏற்றுக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று நடந்ததை இதுவரை நான் உங்களுக்குச் சரியாக எழுதவில்லை. எஞ்சின் நின்றதும் மோட்டே பள்ளி ரேடியோவில் கூப்பிட்டுத் தன் இருப்பிட எண்களைச் சொன்னான். "பதறாதீங்க அண்ணி, தேங்காய் இருக்கு. சீட்டுக்கட்டைத்தான் மறந்துட்டேன்" என்றான். அதோடு பேட்டரி தீர்ந்தது.

நம் துறையிலிருந்து கணக்கிட்டேன். கிழக்கே மைனஸ் பன்னிரண்டு மைல், வடக்கே மைனஸ் ஒன்பது. ஒன்றை மற்றதால் வகுத்து, கோணம் காட்டும் நேர்மாறு டேன் பொத்தானை அழுத்தினேன். வந்த ஐம்பத்து மூன்று பாகையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கபுட்டாவின் படகில் இருப்பது திசைகாட்டி மட்டும்தான்.

அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தென்மேற்கே கை நீட்டினார். "டீச்சர், நீங்க எழுதியிருக்கிறது வடகிழக்கு. இந்த மாசம் தண்ணி மேற்கால இழுக்குது. மோட்டே என்ன, படகைத் தோள்ல தூக்கிட்டா அங்க போனான்?"

"கபுட்டா, உங்க மூக்கை விட இந்தப் பெட்டிக்குக் கணக்கு தெரியும்" என்றேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார். திரும்புவதற்கு மட்டும் எரிபொருள் மிஞ்சும்வரை நான் சொன்ன திசையிலேயே தேடினார். தேடுதல் விமானம் வருவதற்கு இரண்டு நாளாயிற்று. அதற்குள் நீரோட்டம் மோட்டேயை எங்கே கொண்டுபோனதோ.

போன வெள்ளிக்கிழமை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் விடையில் "எந்தக் கால்பகுதி?" என்று சிவப்பில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. இருபது வருடமாக நான் மதிப்பெண் குறைத்துவரும் தவறு. ஒரு மைனஸை இன்னொரு மைனஸால் வகுத்தால் குறி அழிந்துபோகும்; நேர்மாறு டேனுக்கு மேற்கும் தெற்கும் தெரியாது. அது தரும் கோணத்தோடு நூற்றெண்பதைக் கூட்டவேண்டியது நம் பொறுப்பு. இருநூற்று முப்பத்து மூன்று. தென்மேற்கு. பதினைந்தே மைல்.

என் கையெழுத்துள்ள அந்தக் காகிதம் கபுட்டாவிடம் இன்னும் இருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அவர் அதை யாரிடமும் நீட்டவில்லை.

யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை மனியபாவில் ஊர் கூடும்போது, நம் குடும்பத்து இடத்தில் நான் உட்காரப்போவதில்லை. கடரீனாவின் முகத்தைப் பார்த்து, நான் எழுதிய எண்ணையும் எழுதியிருக்க வேண்டிய எண்ணையும் சொல்லிவிட்டு, ஓரத்தில் போய் உட்காருவேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். ஊர் வந்ததும் முதலில் கபுட்டா வீட்டுக்குப் போங்கள். அவர் தரும் மீனைச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் மனமிருந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்
மரேவா