ஈரற்கோட்டம் மீட்ட அழைப்புப் புகை

உடல்நாடு தழைக்க. குருதியாறு வற்றாது ஓடுக. எலும்பின் உள்ளீடாகிய என்புமச்சை மாநகரில் பிறந்து ஆறெங்கும் காவல் திரியும் இயற்கைக் கொல்லி உயிரணுக்குடியின் மூத்தவர் வன்கொற்றனார், ஈரற்கோட்டத்துத் தலைவர் செங்கோடனார்க்கு விடுக்கும் வெற்றி ஓலை. தங்கள் கோட்டமும் குடிகளும் நலம் பெறுக.

வைரசுப் பகைவர் தங்கள் கோட்டத்தில் புகுந்தபோது, வன்கொற்றனாரின் மறவர் இலக்கின்றிச் சுற்றித் திரிந்ததைத் தாங்கள் கண்டீர்கள். கொல்லிக்குடி மோப்பம் இழந்து ஆற்றில் நீராடிக் கிடக்கிறது என்று அவையில் நகைத்தீர்கள்; முதற்படையாய்ச் செல்லும் உரிமையைப் பறிப்பதாகவும் அறிவித்தீர்கள். அச்சொல் செவியில் விழுந்ததும் மூத்தவர் தாமே கோட்டத்துக்கு வந்து பார்த்தார்.

அவர் குடி எவர் ஆணைக்கும் நடப்பதில்லை. பகை தீண்டிய வீடு எழுப்பும் அழைப்புப் புகையை, கீமோகைன் என்னும் அந்த நுண்மணத்தை, மெலிந்த இடத்திலிருந்து செறிந்த இடம் நோக்கி முகர்ந்தே நடக்கும். தாங்களோ பதற்றத்தில், பகை புகாத வீடுகளிலும் ஒரே அளவாய்ப் புகை எழுப்பச் செய்திருந்தீர்கள். எத்திசையும் ஒரே மணம். மறவர் விரைந்தார்கள்; வட்டமிட்டே விரைந்தார்கள். அஞ்சி நின்றவர் ஒருவரும் இல்லை.

பகையற்ற வீடுகளின் புகையை அவிக்கச் சொன்னார் மூத்தவர். தலைவர் ஆணையின்றி எப்படி அவிப்பது என்று தங்கள் காவலர் தயங்கினர். பழி தம் தலைமேல் வரட்டும் என்று கூறி, மூத்தவர் முதற்புகையைத் தம் கையாலேயே அவித்தார். மற்றவையும் அடங்கின. மணத்துக்குத் திசை பிறந்தது.

பிறகு நடந்ததை உடல்நாடே அறியும். மறவர் கரையைப் பற்றி ஏறி, கரைச்சுவர் இடுக்கில் நுழைந்து, ஒரே முகமாய்ப் பாய்ந்தனர். முன்சென்றவர் எழுப்பிய இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கை முழக்கத்தால் பகைவீட்டுப் புகை இன்னும் செறிந்தது. பின்வந்தவர் எவரையும் வழி கேட்கவில்லை. இந்நாட்டு வீடே என்பதற்கான குடிமுத்திரை காட்டிய வீடுகளைத் தீண்டாமல் கடந்தார்கள். முத்திரை மறைத்துப் பகையை வளர்த்த வீடு ஒன்றும் எஞ்சவில்லை.

ஆகவே, இனிப் பகை தீண்டிய வீடன்றி வேறெதுவும் புகை எழுப்பலாகாது. நகைத்த அதே அவையில், இவ்வோலையைத் தாங்களே எழுந்து நின்று படிக்கக் கடவீர்கள். முதற்படை உரிமையை மூத்தவர் கேட்டுப் பெறப்போவதில்லை. அவர் மறவர் அடுத்த புகையை முகர்ந்து இப்போதே ஆற்றில் இறங்கிவிட்டார்கள்.

இது வன்கொற்றனார் எழுத்து. பகைவீட்டுச் சாம்பலில் தோய்த்த அவர் குடி இலச்சினை இதன்கீழ்.