அக்காவின் மச்சம்

அன்பு மருமகளுக்கு,

மலை சரியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒருநாள் பெரிய ஓவியன் ஆவேன் என்றும் சொன்னேன். இரண்டும் பலித்துவிட்டன.

அந்த மண்சரிவு உன் அம்மாவோடு, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்த போட்டோக்களையும் கொண்டுபோய்விட்டதே, அதனால் வருசப் பூசைக்கு வைக்க அக்கா முகத்தை நானே வரைகிறேன். ஞாயிறுதோறும் நாலந்தாவுக்குப் போய், படம் வரையச் சொல்லித்தரும் சிறில் மாஸ்டரிடம் காட்டுவேன். முதல் மாதம் முழுக்க முட்டை வடிவம்தான் பயிற்சி. ஆயிரம் போட்டேன், கோழியே வெட்கப்படும்! பிறகுதான் கண், மூக்கு எல்லாம். அவர் சிவப்புப் பேனையால் சுழித்துத் திருத்துவார்.

"கண்ணு ரெண்டும் நெத்திக்கு ஏறிருச்சு. முட்டையில பாதிக்கு எறக்குங்கண்ணே."

இருபத்தேழாவது படத்தைப் பார்த்துத்தான் அசந்துபோனார்.

"இப்பதான் ஒரு மனுசி தெரியிறாங்க. கன்னத்து மச்சந்தான் உசுரு. எப்புடிண்ணே மறக்காம இருக்கீங்க?"

"கூடப் பொறந்தவன் மறப்பேனா?" என்றேன்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பூசைக்கு இன்னும் மூன்று கிழமைதான். அம்மா முகம் எப்படி இருந்தது என்று உடனே எழுது, தாயி. போனில் கேட்க வாய் வரவில்லை.

அந்த மச்சம் நானாக வைத்தது. கண்ணை மூடினால் எனக்கு வெறும் முட்டைதான் தெரிகிறது.

உன் மாமா