மாதிரிக்கு என் படம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று டிசைன் கடையில் இருந்தவர்கள்: நான், மகள் ஷீபா, முதலாளி அண்ணாச்சி, கல்யாண பேனர் வாங்க வந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர்.

அந்தக் கடையில் ஷீபாவின் கல்லூரிப் பயிற்சி இன்றோடு முடிந்தது. அவளை வேலைக்கு வைத்துக்கொள்வாரா என்று கேட்கத்தான் போனேன்.

"ஒங்க மவ செஞ்சதுலயே இதுதான் ஒசத்தி" என்று அண்ணாச்சி சுவரைக் காட்டினார். மாதிரிக்காக அவள் செய்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் இருந்தது என் படம். கீழே நான் தினமும் சொல்லும் சங்கீத வசனம். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதற்குப் பக்கத்தில் தேதி மட்டும் காலியாக இருந்தது.

பேனர்க்காரர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யக்கா, நல்லாத்தான இருக்கிய?" என்றார். மூவரும் சிரித்தார்கள். கடைசியாக நிறுத்தியது ஷீபாதான்.

"இத வாசல்ல பெரிசா வைக்கணும். நீங்க சரின்னு சொன்னா ஒண்ணாந்தேதியே அவ வேலைக்கு வரட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஏன் என் படம் என்று பஸ்ஸில் கேட்டேன்.

"வேற யாரு படத்தப் போட்டாலும் சண்டைக்கு வந்துருவாங்கம்மா. நீ ஒண்ணும் சொல்ல மாட்ட."

ஆண்டவரே, காலையில் நான் அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டும். சரி என்பதா, வேண்டாம் என்பதா? விடிவதற்குள் பதில் தாரும்.