ஜூடாவின் எடை

ஹேஸல் ஃபோர்க்
அக்டோபர், வியாழக்கிழமை மதியம்

லானிக்கு ஒலீட்டா பிரம்ஃபீல்ட் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் ஃபுட்பால் ஆட்டத்தில் உன்னைப் பார்க்கிறேன். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றப் பயிற்சியாளர்களோடு மைதானத்து ஓரமாக நிற்கிறாய், கன்னம் உப்பியிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறாய். உன் அம்மாவைத் தபால் நிலையத்தில் பார்த்தேன். இடுப்பு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். என்னுடைய நீலப்பூப் போட்ட தட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழக அணி உன்னை எடுத்துக்கொண்ட வருஷம் ஆப்பிள் கேக் வைத்துக் கொடுத்தனுப்பியது. நான் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

மழை விட்டு ஓடை இறங்கிவிட்டது. ராய்ஸ் டயர் கடைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான். ஈரம் ஏறும் நாட்களில் மட்டும் அந்த முழங்கால் அவனைப் படியேற விடுவதில்லை. உங்கள் இருவரையும் ஒரே பேருந்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றி அனுப்பினோம். இரண்டாம் வருஷ ஆட்டத்தில், நீ மறித்து நிறுத்த வேண்டிய எதிரணித் தடியன் உன் இடது தோளைச் சுற்றிக்கொண்டு போய் என் பிள்ளை ராய்ஸின் காலில் விழுந்தான். உனக்குக் கால் வழுக்கிவிட்டது என்றாய். அன்றைக்கு ஒரு சொட்டு மழை இல்லை. புல் காய்ந்து கிடந்தது. ராய்ஸ் அதை மறந்துவிட்டான். உன் படத்தை வெட்டி அடுக்களைச் சுவரில்கூட ஒட்டிவைத்திருக்கிறான். எனக்கு மறதி வராது.

அதைச் சொல்ல இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. ராய்ஸின் மகன் ஜூடா விஷயமாக எழுதுகிறேன்.

வசந்த காலத்தில் பள்ளிக்கூட விருந்துக்கு வந்தாய். டெக்சாஸ், ஃப்ளோரிடா என்று வெளியிலிருந்து ஆள் பிடித்தது போதும், இனி நம் மலைப் பையன்களை வளர்த்து நம் மாநில அணிக்கே எடுப்போம் என்று பேசினாய். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஜூடாவின் தோளில் கையைப் போட்டாய். “பந்தைத் தூக்கிட்டு ஓடுறவன் எங்ககிட்ட ஏகப்பட்ட பேர் இருக்கான்டா. முன்வரிசையில முட்டிக்கிட்டு நிக்கிறவன்தான் வேணும். உன் எலும்பு அதுக்குன்னே செஞ்ச எலும்பு. இன்னும் அறுபது பவுண்டு ஏத்திட்டு வா, எடம் வெச்சிருக்கேன்” என்றாய். என் பக்கம் திரும்பி, “அம்மா, உங்க சமையல் இருக்கறப்ப எனக்கென்ன கவலை” என்றும் சொன்னாய். எனக்கும் அன்று தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. ராய்ஸ் விடியும் முன்னே எழுந்து முட்டையும் பன்றி இறைச்சியும் வறுக்கிறான். பிஸ்கட் ரொட்டியின் மேல் இறைச்சிக் குழம்பைக் குளம்போல ஊற்றுகிறான். பாலில் வேர்க்கடலை வெண்ணெயைக் கரைத்து ஒரு பெரிய ஜாடி நிறையக் குடிக்கச் சொல்லி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறான். ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. வாசலில் சோள ரொட்டி, அவரைக் குழம்பு, மான்கறி என்று யாராவது வைத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் பிறகு இந்த ஊரிலிருந்து ஒருவனும் மாநில அணிக்குப் போகவில்லையே! சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, பள்ளி ஆட்டத்துக்குப் போகும் முன், ஹோபர்ட்டின் தீவனக் கடையில் கன்றுக்குட்டி நிறுக்கும் மேடையில் ஜூடா ஏறி நிற்க வேண்டும். ஹோபர்ட் எடையைச் சுண்ணக்கட்டியால் கதவில் எழுதுவான். அதைப் பார்க்கப் பாதி ஊர் கூடும். ராய்ஸ் அங்கிருந்தே உனக்குத் தொலைபேசியில் அனுப்புவான். நீயும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்புவாயாம்.

ராய்ஸ் உனக்குச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஓடைக்கரையிலிருந்து மலைமுகடுவரை நாயைத் துரத்திக்கொண்டு ஓடிய பையன், இப்போது பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று அவன் தாத்தாவின் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறான். போன வாரம் பயிற்சியின்போது புல்லில் படுத்துவிட்டான். தண்ணீரை ஊற்றி எழுப்பினார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். அவன் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். அவன் தாத்தா க்ளைடும் பெரிய உடம்புக்காரர். சுரங்கத்து வாசலிலிருந்து அவரைத் தூக்கி வந்தபோது அதே நிறத்தைத்தான் பார்த்தேன்.

மருத்துவரிடம் காட்டலாம் என்றேன். “அம்மா, நீ சும்மா இரு. அவங்க ஒரு காயிதத்துல ஏதாவது எழுதிடுவாங்க, அது பல்கலைக்கழகம் வரைக்கும் போயிடும். இன்னும் கொஞ்சந்தான்” என்றான் ராய்ஸ்.

நேற்று ஜூடாவின் பூட்ஸைக் காயவைக்க அடுப்போரம் எடுத்துப் போனேன். கைக்கு அடங்காத கனம். உள்ளே துணியைக் கிளப்பிப் பார்த்தால், ராய்ஸின் டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டுவார்களே, அந்த ஈயக்கட்டிகள் வரிசையாக. மேல்சட்டை உள்மடிப்பிலும் தைத்துவைத்திருக்கிறான். அவனாகவே தைத்த கோணல் தையல்.

“என்னடா இது?” என்றேன்.

“பாட்டி, அப்பாகிட்ட சொல்லிடாத. ஒரு மாசமா ஏறவே மாட்டேங்குது. தின்னா வெளிய வந்துடுது. கொல்லைப்பக்கம் போயி மண்ணைத் தள்ளி மூடிட்டு வர்றேன்.”

“ஜூன்ல பல்கலைக்கழகம் போயி தராசுல ஏறுவியே, அப்ப என்ன பண்ணுவ?”

“அதுக்குள்ள ஏத்திடுவேன். லானி சார்கிட்ட நம்பர் போயிடுச்சு பாட்டி. இனிமே எப்படிக் குறைக்கிறது?”

அதற்கு மேல் அவனுக்குப் பேச மூச்சு இல்லை.

சனிக்கிழமை

வியாழனன்று இந்தக் கடிதத்தை மூடவில்லை. நேற்று நானே ஹோபர்ட் கடைக்குப் போனேன். பூட்ஸைக் கழற்றடா என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதென்று போனேன்.

“வழி விடுங்கப்பா, கன்னுக்குட்டி வந்துருச்சு! ஹோபர்ட்டு, தராசு ஒடஞ்சா புதுசு வாங்க வசூல் பண்ணுவியா?” என்று ஒருவன் கத்தினான். “ஒடஞ்சா ஒடையட்டும், புதுத் தராசுக்கு ஒலீட்டாவோட குழம்புன்னே பேர் வெச்சிடலாம்” என்றான் ஹோபர்ட். ஜூடா ஏறினான். ஏறும்போது என்னைப் பார்த்தான். தெரியும்தானே பாட்டி, சொல்லிடாத என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஹோபர்ட் எடையைக் கூவினான். தொப்பிகள் பறந்தன. ராய்ஸ் சிரித்தான். கால் ஒடிந்து வந்த நாளிலிருந்து அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். கதவில் எழுதியிருக்கும் எடை பொய். பையன் ஒரு மாதமாக ஏறவில்லை, இளைத்தும் வருகிறான் என்றே நினைக்கிறேன். இதைப் படித்தவுடன் அவன் பெயரை நீ அடித்துவிடலாம் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். ராய்ஸ் என்னையே முறைப்பான். இந்த வீட்டில் இருவரும் நம்புவது உன் வாயை மட்டும்தான். அதனால் நீயே வா, லானி. தொலைபேசியில் சொல்லாதே, பொம்மை அனுப்பாதே. காரை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார். இப்போது இருக்கும் உடம்புக்கு உங்கள் அணியில் இடம் உண்டென்றால் உண்டென்று சொல். இல்லையென்றால், அதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அப்புறம் உன் காரிலேயே அவனை மருத்துவரிடம் கூட்டிப்போ. நீ கூப்பிட்டால் வருவான்.

இடம் போனால் போகட்டும். பாட்டிதான் காட்டிக்கொடுத்தாள் என்பது அவனுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும், ஒளிக்க வேண்டாம். வருஷக்கணக்கில் என்னோடு பேச மாட்டான். அவனும் என் ரத்தம்தானே. பேசாமலே இருக்கட்டும். என்னோடு பேசாமல் இருப்பதற்காவது அவன் இருக்க வேண்டும்.

உனக்கும் இரண்டு பிள்ளைகள் என்று உன் அம்மா சொன்னாள். மெலிந்தோ பருத்தோ, அவர்கள் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வரட்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் மறுபடியும் அந்த மேடையில் ஏறுவான். அதற்கு முன் வந்துவிடு.

ஒலீட்டா பிரம்ஃபீல்ட்