குரலுக்கு எட்டு மார்க்

10 ஜனவரி 1988, ஞாயிறு

வெயில் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பால்கனியில் போட்ட துணியெல்லாம் இன்னும் ஈரம். தில்லி லோதி ரோட்டில் ஜனவரியில் துணி உலர்த்துவதும் ஒரு தவம்தான்.

பட்டாணி உரித்துக்கொண்டே மதியப் படம் பார்த்தேன். அசாமியப் படம், புதிது. வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கல்யாணப் பெண் இந்தக் கரையில், மாப்பிள்ளை அந்தக் கரையில். இரண்டு வீட்டாரும் ஆற்றுக்குக் குறுக்கே கத்திக் கத்தியே சண்டை போட்டு, அப்படியே சமாதானமும் ஆகிறார்கள். பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிடுகிறது. என்ன அழகான யோசனை! எடுத்தவன் கையில் மோதிரம் போடலாம்.

நான் 8. செல்வி 5 ("ரொம்ப ஸ்லோம்மா, நீந்தியே போயிருக்கலாம்ல"). அவர் 7.

அவர் கையால் ஏழு வாங்குவது லேசா? டீ.வி. வாங்கிய அன்று அவர் போட்ட சட்டம் இது. படம் முடிந்து டீ வருவதற்குள் மார்க் சொல்லிவிட வேண்டும். சொன்னதை மாற்றக் கூடாது. செல்வி சின்னவளாக இருக்கும்போது, "பத்துக்குப் பத்து யாருக்குப்பா?" என்று கேட்டாள். "அது கடவுள் படம் எடுத்தா போடறதுக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் போட்டதில்லை.

ஞாயிறுக்கு ஒரு மொழி. ஆங்கில எழுத்து வரிசைப்படி போடுகிறார்களாம், கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். அசாமுக்கு முதலிடம். தமிழ் 'டி' வரைக்கும் காத்திருக்க வேண்டும். மார்ச் ஆகிவிடும். இருக்கட்டும், பால் பூத்தில் நிற்காத வரிசையா.

17 ஜனவரி, ஞாயிறு

வங்காளப் படம், பழைய கறுப்பு வெள்ளை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும். வீட்டில் இருப்பது ஒரே குடை. மழைக்காலம் வருகிறது. அவ்வளவுதான் கதை! கடைசியில் குடை கதவோரம் விரித்தபடி நனைந்து நிற்கிறது, யார் கொண்டுபோய் வந்தார்கள் என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். 9.

அவர் 8. என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு?

ஒன்றே காலுக்கு, படத்துக்கு முன்னால், காது கேளாதோருக்கான செய்தி வருகிறது. ஒரு பெண் கையாலேயே எல்லாச் செய்தியும் சொல்கிறாள். செல்வி பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அது ஆரம்பித்ததும் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். "படம் ஆரம்பிச்சா கூப்பிடு." இந்தக் குளிரில் பால்கனியில் என்ன?

23 ஜனவரி, சனி

மேல்வீட்டுப் பட்டாபி ஒரு வீடியோ காஸெட் கொடுத்தார், ப்ளேயரையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பழைய தமிழ்ப் படம்! மாயவரத்தில் அவர் காலேஜ் படிக்கும்போது மூன்று தடவை பார்த்த படம். அதன் வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் ஷேவ் பண்ணுவார். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுத்தான் எனக்கு விடியும். அரிசி மில் முதலாளியும் மச்சானும் வாய்ச்சண்டை போடும் இடத்தில் நானும் செல்வியும் உருண்டு புரண்டு சிரித்தோம்.

அவர் 3.

மூன்று! "காப்பி மோசம், ஒண்ணும் தெளிவா இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் ஆத்திரத்தில் 9 போட்டேன். உண்மையான மார்க் 8.

24 ஜனவரி, ஞாயிறு

குஜராத்திப் படம், நிறைய பாட்டு. நான் 6, அவர் 6. நேற்றைய மூன்றுக்காக நான் இன்னும் அவரோடு பேசவில்லை.

7 பிப்ரவரி, ஞாயிறு

மலையாளப் படம். மாற்றல் உத்தரவை வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலையும் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு ரகம், எல்லாரையும் நான் இங்கே பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். நடிக்கவே தெரியாதவர்கள் மாதிரி என்னமாய் நடிக்கிறார்கள்! நான் 9, செல்வி 8, அவர் 8. நல்ல வசனத்துக்கு அவர்தான் எல்லாருக்கும் முந்திச் சிரித்தார்.

நேற்று பட்டாபி வீட்டில் பார்த்த இந்திப் படத்துக்கு அவர் போட்டது 2.

கேட்டே விட்டேன். "கீழே இங்கிலீஷ் ஓடினாத்தான் உங்களுக்குப் படமா? பெரிய ஃபிலிம் சொஸைட்டி மெம்பர் ஆயிட்டீங்களோ?" சிரித்தார். நம் படமெல்லாம் இவருக்கு இளக்காரமாகிவிட்டது. அதுதான் விஷயம்.

13 பிப்ரவரி, சனி

டீ.வி.யில் சத்தம் சரியாக வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "டப்பா பில்குல் டீக் ஹை, மாதாஜி" என்று, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லையென்று, என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். இவருக்குக் கோபம். "திருட்டுப் பயல், வேலை தெரியாது" என்றார். அதற்குள் நான் மாதாஜி, கிழவி ஆகிவிட்டதுதான் எனக்குக் கோபம்.

18 பிப்ரவரி, வியாழன்

ஆபீஸுக்குப் புது ஜாயின்ட் செக்ரட்டரி வந்ததிலிருந்து இவர் முகமே சரியில்லை. தலைவலி என்கிறார். இருபத்தைந்து வருஷமாக ஸ்டெனோவாக டிக்டேஷன் எடுக்கிற கை. "மாணிக்கவாசகத்துக்கிட்ட ஒரு தடவை சொன்னா போதும், கமாவும் சேர்ந்து வரும்" என்று முந்தைய அதிகாரிகளெல்லாம் சொல்வார்களாம். இப்போது கேட்டால் "ஒண்ணுமில்லை, விடு."

21 பிப்ரவரி, ஞாயிறு

சண்டை. அடுப்பில் பால். நான் குளியலறையிலிருந்து "என்னங்க, பால், பால்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். பேப்பர் படித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து, தரைக்கு வந்து... "பெண்டாட்டி கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டீங்களா? அவ்வளவு அலட்சியமா?" என்றேன். துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தார்.

ஒரு காலத்தில் என் கொலுசுச் சத்தத்தை வைத்தே எந்த அறையில் இருக்கிறேன் என்று சொன்ன மனிதர்.

மராத்திப் படம் ஓடியது. யாரும் மார்க் போடவில்லை.

6 மார்ச், ஞாயிறு

பஞ்சாபிப் படம். நான் 7, அவர் 7. அடுத்த வாரம் நாம்! ஹோலி கழிந்த கையோடு நம் படம். தமிழின் முறை வந்துவிட்டது என்று செல்வி பட்டாபி வீட்டுக்குக்கூட இந்தியில் சொல்லிவிட்டாள், "தமிள் கா நம்பர் ஆகயா அங்கிள்!"

13 மார்ச், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நம் படம் வந்தது. நாலைந்து வருஷத்துக்கு முந்தைய படமாம், நான் பார்த்ததில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா. மகன் படித்து அதிகாரியாகி, அதே உப்பளத்தை மூடும் உத்தரவோடு ஊருக்கு வருகிறான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. வெள்ளை உப்பும் அவள் கறுத்த காலும்தான். வெள்ளைப் புடவையில் கறை விழாமல் நடக்கப் பழகியவள் மாதிரி அந்த நடிகை வரப்பில் நடந்தாள். தமிழில் இப்படியும் எடுக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் அவள் மகன் எதிரே வந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள் — சத்தம் போய்விட்டது. படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. செல்வி, "ஆவாஜ் போயிடுச்சும்மா!" என்று துள்ளி எழுந்தாள். நான் குமிழைத் திருகுகிறேன், பெட்டியைத் தட்டுகிறேன். மேலேயிருந்து பட்டாபி, "இந்திராணி மாமி, உங்காத்துலயும் சத்தம் போச்சா?" என்று கத்துகிறார். காலனி முழுக்க ஒரே கூச்சல்.

அவர் மட்டும் அசையவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கீழே ஓடும் எழுத்திலும் அந்த அம்மா முகத்திலும் மாறி மாறிப் போகிறது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "தள்ளு, மறைக்காதே" என்று என்னைக் கையால் விலக்கினார்.

படம் முடியும் வரை சத்தம் வரவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்தான் முதலில் மார்க் சொன்னார்.

"எட்டு. அந்த அம்மா கடைசியில பேசினா பாரு, அதுக்கே எட்டு. என்ன குரல்! என்ன கம்பீரமான குரல், இல்ல?"

செல்வி வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"ஆமாங்க" என்றேன். "நல்ல குரல்."

14 மார்ச், திங்கள்

காலையில் அவர் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, சாதாரணமாகப் பேசும் சத்தத்தில் சொன்னேன், "என்னங்க, நான் மாயவரம் போறேன். இனி திரும்ப வரமாட்டேன்."

ஒரு ஷூ முடித்து அடுத்த ஷூவை எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "எப்ப வந்தே?" என்று சிரித்தார்.

பஸ்ஸுக்குப் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். அசாமுக்கு ஏழு, வங்காளத்துக்கு எட்டு, நம் பழைய படத்துக்கு மூன்று. எழுத்து ஓடினால்தான் அவருக்குப் படம். நான் அதை இளக்காரம் என்று நினைத்தேன். பால் பொங்கியதற்கு என்னவெல்லாம் பேசினேன்! பாவி மனுஷன், சொல்லியிருக்கலாமே. எனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு?

17 மார்ச், வியாழன்

சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவருக்கு எதிரே பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து:

"ஞாயித்துக்கிழமை அந்த அம்மா பேசின இடத்துல சத்தமே வரலைங்க. காலனியில யாருக்கும் கேக்கலை."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "குரலைச் சொன்னேனே" என்றார். "ஆமா." "கேட்ட மாதிரிதான் இருந்தது இந்திராணி. நிஜமா."

அப்புறம் எல்லாம் வந்தது. இரண்டு வருஷமாகவே காது கேட்பது குறைந்துகொண்டு வருகிறதாம். முந்தைய அதிகாரி எதிரே உட்கார்ந்து பேசுவார், அவர் வாயைப் பார்த்தே இவர் எழுதிவிடுவாராம். "இந்த மனுஷன் ஜன்னலைப் பார்த்து நடந்துகிட்டே பேசறார். முதுகுக்கு ஏது வாய்? பழக்கத்துல நானே இட்டு நிரப்பறேன். என்னைக்காவது ஒருநாள் பெரிய தப்பா வந்துடும். காது போன ஸ்டெனோவை யார் வெச்சுப்பா? செல்வி கல்யாணம் வேற இருக்கு."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா மிஷின் மாட்டச் சொல்வான். அதை மாட்டிக்கிட்டு டிக்டேஷனுக்கு எப்படிப் போறது?"

ஞாயிற்றுக்கிழமை பால்கனிக்கு ஏன் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

22 மார்ச், செவ்வாய்

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். நரம்பு பலவீனமாம், போனது திரும்பாதாம். மிஷின் கொஞ்சம் உதவும், அளவெடுத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் எனக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுத்தார், ஆறுதல் தேவைப்பட்டது எனக்கு என்பதுபோல.

29 மார்ச், செவ்வாய்

ஆபீஸில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். நின்றுகொண்டு, "சார், நீங்க திரும்பிக்கிட்டுப் பேசினா எனக்குக் கேக்காது" என்று. அந்த அதிகாரி மரியாதையாகவே பேசினாராம், நாற்காலி கொடுத்து உட்கார வைத்தாராம். ஆனால் இனி டிக்டேஷனுக்கு வேறொருவர். இவர் வரைவுகளைச் சரிபார்க்க வேண்டும். வேலைக்கு ஆபத்தில்லை.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்த பென்சில்களை எடுத்துச் செல்வி மேஜையில் வைத்தார். எல்லாம் ஊசியாகச் சீவியவை. "நீ வெச்சுக்கோம்மா, நல்ல பென்சில்." அவள் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன்.

3 ஏப்ரல், ஞாயிறு

வரிசை முடிந்து மறுபடியும் அசாம்.

ஒன்றே காலுக்கு வழக்கம்போலத் தட்டுகளை எடுக்கப் போனேன். "இரு, மறைக்காதே" என்றார். சாப்பிட்ட கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு டீ.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். காதில் புது மிஷின். அது கூவுகிறது, எரிச்சலாக இருக்கிறது என்று காலையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவர், அதை மறந்துவிட்டார்.

அந்தப் பெண் வந்தாள். கையை எடுத்தாள். தேர்தல், விபத்து, கிரிக்கெட், மழை என்று எல்லாம் விரலிலிருந்தே வந்தது. அவர் முன்னால் சாய்ந்து, வேறொரு ஸ்டெனோ எழுதிய நோட்டைப் படிப்பதுபோலப் பார்த்தார். அவர் வலது கை முழங்காலின்மேல் தானாக அசைந்துகொண்டிருந்தது.

"நம்ம ஷார்ட்ஹேண்டுதான் இந்திராணி. ஒரு கோடு, ஒரு வார்த்தை. என்ன வேகம் பாரு! ஒரு இடத்துலகூடத் தடுமாறலை." சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பத்து."

"அப்பா! அது படமே இல்லப்பா, நியூஸ்!"

"சொன்னதை மாத்தக் கூடாது. ரூல்."

படத்தில் என்ன வந்தது என்று எனக்கு நினைவில்லை. முடிந்ததும் சமையலறை வாசலில் நின்று, கூப்பிடாமல், அவர் பார்க்கும் வரை காத்திருந்து, டீ வேண்டுமா என்று டம்ளரைத் தூக்குவதுபோல் கையைக் காட்டினேன். விரலை மடக்கிப் பாதி என்று காட்டினார். அப்புறம் இன்னும் ஏதோ காட்டினார். சர்க்கரை வேண்டுமென்றா, வேண்டாமென்றா தெரியவில்லை.

சர்க்கரை போட்டே கொடுத்தேன். குடித்துவிட்டார்.