ஒன்பதாம் பக்கத்துக் கட்டங்கள்

டாலிகஞ்ச்,
18-1-2001

அன்புள்ள பூர்ணிமா,

திரையில் தெரியாத ஒன்று தாளில் மட்டும் எப்படி ஒழுங்காக வருகிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை, எம்.எஸ்ஸி. படித்து இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தும். நான் நன்றாகவே இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவின் கடைசிக் கட்டுரையைப் பற்றித்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி கூட்டலாக இருக்கவேண்டும், திருத்தி மாத முடிவுக்குள் அனுப்பினால் போடுகிறோம், இல்லாவிட்டால் முடியாது என்று ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். அனுப்பும் தாளையே படமெடுத்து அச்சிடுவார்களாம், அதனால் பேனாத் திருத்தம் கூடாது. அப்பா தப்புச் செய்யமாட்டார், அப்படியே அனுப்பு என்று நீ போனில் சொன்னாய். நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், அவர்கள் சொல்வதுதான் சரி. திருத்தலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால் வேர்டில் வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன, சமன்பாடு இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம். பிரிண்ட் கொடுத்தால் தொகையீட்டுக் குறி, கிரேக்க எழுத்து ஒன்று விடாமல் வருகிறது. உத்தமன் சித்தப்பா பவானிபூரிலிருந்து ஒரு கடைக்காரரை அழைத்து வந்தார். அவர் முதலில் ஃபான்ட் கெட்டுவிட்டது என்று புதிதாக ஏற்றிப் பார்த்தார், கட்டம் அப்படியே இருந்தது. பிறகு வைரஸ் என்றார், டிஸ்க்கையே துடைத்துவிட வேண்டும் என்றார். ஃப்ளாப்பி டிரைவ் பழுது, பிரதி எடுக்கவும் வழியில்லை. கெட்டிருந்தால் தாளிலும் கெட்டுத்தானே வரவேண்டும் என்று கேட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர்கிட்டயும் இப்படித்தான் கேள்வி கேட்டீங்க அண்ணி, அண்ணன் பிழைச்சாரா" என்றார். நான் அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன். கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜாதவ்பூரில் அப்பாவிடம் ஆராய்ச்சி செய்த மௌஷுமி நாளை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள், அவளுக்கும் தெரியாவிட்டால் கட்டுரை வராது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு வங்காளி பௌதி புது வெல்லத்தில் பாயேஷ், நம் பாயசம் மாதிரிதான், செய்து அனுப்பியிருந்தாள். இனிப்பாக இருந்தது. நீ மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அழவில்லையா என்று போன தடவையும் கேட்டாய், இல்லை.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அப்பாவின் திதி அடுத்த வாரம், அன்று விளக்கேற்ற மறக்காதே.

அம்மா
சுலோசனா

மறுநாள் மாலை: இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மௌஷுமி வந்தாள். ஆப்ஷன்ஸுக்குள் போய், படங்களுக்குப் பதில் கட்டம் காட்டு என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாள், எல்லாச் சமன்பாடும் வந்துவிட்டது. சமன்பாட்டையும் வேர்ட் படமாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். டிக் போட்டது அப்பாவேதானாம். மெஷின் பழசு, சமன்பாடு வந்தால் பக்கம் நகராமல் நின்றுவிடுமாம். "எனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே, எதுக்குப் பார்க்கணும்னு ஸார் சொன்னார் காக்கிமா" என்று வங்காளத்தில் சொன்னாள். ஒன்பதாம் பக்கத்துக் குறியை நான்தான் மாற்றினேன். பிரிண்ட் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை அணைக்கும் முன் அந்த டிக்கைத் திரும்பப் போட்டேன். கட்டங்கள் வந்துவிட்டன. பக்கம் வேகமாக நகர்கிறது.